கணக்கு ஆப் வாங்குவதற்கு முன்னால்

(மாலைப் படிப்பறைக்குக் கணித மென்பொருள் வாங்குவது தொடர்பாக கிளப் ஹவுஸ் அரங்கில் நடந்த கூட்டத்தில், ஓய்வுபெற்ற கணித ஆசிரியையான நம் குடியிருப்பாளர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம் இது. அன்று வர முடியாதவர்களுக்காகவும், பொதுக்குழுவில் வாக்களிக்கும் முன் எல்லோரும் ஒருமுறை படிக்க வேண்டும் என்பதற்காகவும் இங்கே தருகிறோம்.)



ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், தண்ணீர் லாரி பற்றியோ பார்க்கிங் பற்றியோ பேச்சே கிடையாது என்று தெரிந்தும் இத்தனை பேர் வந்திருக்கிறீர்கள். நன்றி. இங்கே எல்லோரும் என்னை டீச்சர் என்றுதான் கூப்பிடுகிறீர்கள். 31 வருடம் கணக்கு வகுப்பில் நின்றவள். அந்த உரிமையில் கொஞ்சம் நீளமாகப் பேசினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

விஷயம் உங்களுக்குத் தெரியும். நம் மாலைப் படிப்பறையில் திங்கள் முதல் வெள்ளி வரை, 6 மணி முதல் 7.30 வரை, 22 பிள்ளைகள் உட்காருகிறார்கள். நம் வீட்டுப் பிள்ளைகள் 14 பேர். செக்யூரிட்டி, ஹவுஸ்கீப்பிங், தோட்டவேலை பார்ப்பவர்களின் பிள்ளைகள் 8 பேர். இவர்களுக்காக 10 டேப்லெட்டும், ஒரு கணித மென்பொருளுக்கு மூன்று வருடச் சந்தாவும் வாங்கலாம் என்று செயற்குழு முன் ஒரு யோசனை இருக்கிறது. மொத்தச் செலவு மூன்று லட்சத்துக்குச் சற்று மேலே. பணம் சங்கத்தின் உபரியிலிருந்து வரும். “டீச்சர், நீங்கள் பார்த்துவிட்டு வாங்கலாமா வேண்டாமா என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்” என்றார் நம் செயலாளர். ஒரு வார்த்தையில் என்னால் சொல்ல முடியவில்லை. ஒருமுறை அப்படிச் சொல்லித் தவறு செய்திருக்கிறேன். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

நான் எழுதிக் கொடுத்த அறிக்கை

பல வருடங்களுக்கு முன்னால், நான் வேலை பார்த்த பள்ளியில் கம்ப்யூட்டர் அறை வைத்தார்கள். கணக்குப் பயிற்சிக்கு ஒரு மென்பொருளும் வந்தது. மூன்று மாதம் கழித்து, “எப்படி இருக்கிறது, ஒரு ரிப்போர்ட் கொடுங்கள்” என்று நிர்வாகம் கேட்டது. மாணவர்கள் ஆர்வமாக ஈடுபடுகிறார்கள், வகுப்பில் சத்தம் இல்லை, சராசரித் தேர்ச்சி 91 விழுக்காடு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மூன்றுமே உண்மைதான். ஆனால் பிள்ளைகள் கணக்குக் கற்றுக்கொண்டார்களா என்பது மட்டும் அந்த மூன்று வரியிலும் இல்லை. அந்த ரிப்போர்ட்டை வைத்து மேலும் இரண்டு வருடத்துக்குச் சந்தா கட்டினார்கள்.

ஏழாம் வகுப்பில் ஒரு பெண் இருந்தாள். அவளுடைய பக்கத்தைத் திறந்தால் எல்லாக் கட்டமும் பச்சை. தசம எண் பாடத்தில் பத்துக்குப் பத்து. விளையாட்டு விழாவில் நீளம் தாண்டுதலுக்கு முடிவுகளை எழுதும் பொறுப்பை அவளிடம் கொடுத்திருந்தோம். அவள் எழுதிய தாளில் 3.45 மீட்டர் தாண்டியவள் முதல் பரிசு, 3.6 மீட்டர் தாண்டியவள் இரண்டாம் பரிசு. மைக்கில் அறிவித்தும் ஆகிவிட்டது. கூப்பிட்டுக் கேட்டேன். பயமே இல்லாமல் சொன்னாள்: “மிஸ், ரெண்டுலயும் மூணு இருக்கு. அப்புறம் நாப்பத்தஞ்சு, ஆறு. நாப்பத்தஞ்சுதானே மிஸ் பெருசு?”

மறுநாள் கம்ப்யூட்டர் அறையில் உட்கார்ந்து, அவளுக்கு வந்த கேள்விகளை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். 0.25, 0.75, எது பெரியது? 3.42, 3.18, எது பெரியது? 0.4, 0.9? 0.85, 0.3? பத்துக் கேள்வியிலும் புள்ளியைக் கையால் மறைத்துவிட்டு முழு எண்ணாகப் பார்த்தாலே சரியான விடை வந்துவிடும். அவள் தவறான விதியை வைத்துக்கொண்டு பத்தும் சரியாகப் போட்டிருக்கிறாள். மென்பொருள் பொய் சொல்லவில்லை. கேட்ட கேள்விக்கு அவள் சரியாகப் பதில் சொன்னாள் என்றுதான் காட்டியது. கேள்விகளைப் பார்க்காமலே கையெழுத்துப் போட்டது நான்.

வீட்டுக்குப் போனதும் உங்கள் பிள்ளையிடம் இரண்டு ஜோடி எண்களைக் கொடுத்துப் பாருங்கள். ஐந்தாம் வகுப்புக்கு மேல் யாராக இருந்தாலும் சரி. முதல் ஜோடி 0.6, 0.45. இரண்டாவது ஜோடி 0.3, 0.45. இரண்டிலும் எது பெரியது?

ஏன் இரண்டு ஜோடி? புள்ளிக்குப் பிறகு இலக்கம் அதிகமாக இருந்தால் எண் பெரியது என்று நினைக்கும் பிள்ளை, இரண்டிலும் 0.45 என்பான். இரண்டாவது சரியாகிவிடும். இதற்கு நேர்மாறாக நினைப்பவர்களும் உண்டு. நூறில் ஒன்று, பத்தில் ஒன்றைவிடச் சின்னது. ஆகவே புள்ளிக்குப் பின் இலக்கம் நீண்டால் எண் சின்னது என்று ஒரு கணக்கு வைத்திருப்பார்கள். அவர்கள் 0.6 என்றும் 0.3 என்றும் சொல்வார்கள். முதலாவது சரியாகிவிடும். இந்த இரண்டு தவறான விதிகளும் இல்லாத பிள்ளைதான் இரண்டையும் சரியாகச் சொல்லும். ஒரே ஒரு ஜோடி கேட்டால் நீங்களும் ஏமாறுவீர்கள், மென்பொருளும் ஏமாறும். சரியாகச் சொன்னாலும் விடாதீர்கள். “எப்படிக் கண்டுபிடிச்ச?” என்று கேளுங்கள். அந்தப் பதிலில்தான் விஷயம் இருக்கிறது.

பென்னி என்ற பையன்

இது என் வகுப்பில் மட்டும் நடந்ததல்ல. கணிதக் கல்வி படித்தவர்களுக்கு பென்னி என்ற பெயர் நன்றாகத் தெரியும். 1973-இல் ஸ்டான்லி எர்ல்வாங்கர் என்ற ஆய்வாளர் அமெரிக்காவில் எழுதிய கட்டுரையில் வரும் 12 வயதுப் பையன். அவன் படித்த முறையில் கம்ப்யூட்டர் கிடையாது. ஆனால் இன்றைய ஆப்பின் சாயல் அப்படியே இருக்கும். ஒவ்வொரு பிள்ளையும் தன் வேகத்தில், தனியாக, பயிற்சித் தாள்களைப் போட வேண்டும். விடைத்தாளோடு ஒப்பிட்டுத் திருத்துவார்கள். 80 விழுக்காடு சரியாக இருந்தால் அடுத்த நிலைக்குப் போகலாம். பென்னி இரண்டாம் வகுப்பிலிருந்து ஆறாம் வகுப்பு வரை இப்படியே வந்தவன். நன்றாகப் படிக்கும் பிள்ளைகளில் ஒருவன் என்றே அவனுடைய ஆசிரியை நினைத்திருந்தார்.

எர்ல்வாங்கர் அவன் பக்கத்தில் உட்கார்ந்து பேசிப் பார்த்தார். 2/10 என்ற பின்னத்தைத் தசமமாக எழுதச் சொன்னால் பென்னி 1.2 என்று எழுதினான். தொகுதியையும் பகுதியையும் கூட்டினால் 12. நடுவில் ஒரு புள்ளி. அதே வழியில் 5/10 என்றால் 1.5. 4/11-ம் 1.5, அதைத் தலைகீழாக்கிய 11/4-ம் 1.5. 0.3-ஐயும் 0.4-ஐயும் கூட்டினால் 0.07. அவனுக்கு இதெல்லாம் உறுத்தவே இல்லை. ஒரே கணக்குக்குப் பல விடை உண்டு, விடைத்தாளில் இருக்கும் வடிவத்தைக் கண்டுபிடிப்பதுதான் நம் வேலை என்று அவன் முடிவு செய்திருந்தான். அந்த வேலையில் அவன் கெட்டிக்காரன். நிலை நிலையாகத் தாண்டிக்கொண்டே போனான்.

நான்கு வருடமாக அவன் பக்கத்தில் உட்கார்ந்து “இது எப்படி?” என்று யாரும் கேட்கவில்லை. அந்த முறையில் அதற்கு இடமில்லை. தாளுக்குப் பதிலாகத் திரையை வைத்தால் மட்டும் இது மாறிவிடுமா?

ஆய்வுகள் சொல்வது

“டீச்சருக்குக் கம்ப்யூட்டரே பிடிக்காது” என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். 48 பிள்ளைகள் இருந்த வகுப்பில் ஒரு நாளைக்கு 48 நோட்டையும் என்னால் பார்க்க முடிந்ததில்லை. மென்பொருள் பார்க்கும். கோபப்படாது. பத்தாவது முறை தவறாகப் போட்டாலும் பெருமூச்சு விடாது. இவை சின்ன விஷயங்கள் இல்லை. ஆகவே, பலன் உண்டா என்று உண்மையாகவே சோதித்துப் பார்த்தவர்கள் என்ன கண்டார்கள் என்று படித்தேன். சுருக்கமாகச் சொல்கிறேன்.

அமெரிக்கக் கல்வித்துறை 2007-இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. வாசிப்புக்கும் கணிதத்துக்குமான 16 மென்பொருள்கள், 132 பள்ளிகள், 439 ஆசிரியர்கள். யார் மென்பொருளோடு கற்பிப்பது, யார் வழக்கம்போலக் கற்பிப்பது என்பதைக் குலுக்கல் முறையில் பிரித்தார்கள். வருடக் கடைசியில் இரண்டு தரப்பின் தேர்வு மதிப்பெண்ணிலும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை.

அதே நாட்டில் இயற்கணிதம் கற்பிக்கும் ஒரு மென்பொருளை, அதற்கான பாடமுறையோடு சேர்த்து, 7 மாநிலங்களில் 147 பள்ளிகளில் சோதித்தார்கள். 2014-இல் வெளியான ஆய்வு. முதல் வருடம் பலன் இல்லை. இரண்டாம் வருடம் உயர்நிலைப் பள்ளிகளில் பலன் தெரிந்தது. நூறு பேரை மதிப்பெண் வரிசையில் நிறுத்தினால், நடுவில் நிற்கும் பிள்ளை எட்டுப் பேரைத் தாண்டி முன்னால் போகும் அளவுக்கு. மென்பொருள் அதேதான். ஆசிரியர்களுக்கு அதை வகுப்பில் வைத்து நடத்தப் பழக ஒரு வருடம் ஆகியிருக்கிறது என்றே நான் அதைப் படிக்கிறேன்.

நம் நாட்டுக்கு வருவோம். குஜராத்தில் லீ லிண்டன் என்ற பொருளியலாளர் 2008-இல் எழுதிய ஆய்வு ஒன்று உண்டு. அங்கே ஒரு மென்பொருளை, ஆசிரியர் பாடம் நடத்தும் நேரத்தை எடுத்துக்கொண்டு கொடுத்தபோது பிள்ளைகள் வழக்கத்தைவிடக் குறைவாகக் கற்றார்கள். பள்ளி முடிந்த பிறகு கூடுதல் நேரமாகக் கொடுத்தபோது அதிகம் கற்றார்கள். வடோதராவில் மாநகராட்சிப் பள்ளிகளின் நான்காம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வாரம் இரண்டு மணி நேரம் கணித விளையாட்டு மென்பொருள் கொடுத்தார்கள். நல்ல முன்னேற்றம். ஆனால் நிறுத்தி ஒரு வருடம் கழித்துச் சோதித்தபோது அதில் பெரும்பகுதி கரைந்து போயிருந்தது.

நம் படிப்பறைக்கு மிக நெருக்கமானது டெல்லி ஆய்வு. கார்த்திக் முரளிதரன், அபிஜீத் சிங், அலெஹாந்த்ரோ கனிமியன் ஆகிய மூவரும் செய்து 2019-இல் வெளியிட்டது. 619 பிள்ளைகள், நாலரை மாதம், பள்ளி முடிந்த பிறகு நடக்கும் மையங்கள். ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் கணக்கில் சராசரியாக இரண்டரை வகுப்பு பின்தங்கி இருந்தார்கள். அங்கே பயன்படுத்திய மென்பொருள், பிள்ளை எந்த வகுப்பு என்று பார்க்கவில்லை. அவனுக்கு உண்மையில் என்ன தெரியும் என்று பார்த்து, அங்கிருந்து தொடங்கியது. கணக்கில் கிடைத்த பலன் பெரிது. நடுவில் நிற்கும் பிள்ளை சுமார் 14 பேரைத் தாண்டி முன்னால் போகும் அளவு.

இதைத்தான் விளம்பரங்களில் சொல்வார்கள். அவர்கள் சொல்லாமல் விடும் இரண்டு விஷயங்களை நான் சொல்கிறேன். ஒன்று, அந்த மையத்தில் ஒரு நாளைக்கு 90 நிமிடம். அதில் 45 நிமிடம்தான் மென்பொருள். மீதி 45 நிமிடம் 12 முதல் 15 பிள்ளைகள் கொண்ட குழுவோடு ஒரு பெரியவர் உட்கார்ந்து கற்றுக்கொடுத்தார். கிடைத்த பலன் இரண்டும் சேர்ந்தது. இரண்டு, பள்ளி நடத்தும் வழக்கமான தேர்வில் கணக்கு மதிப்பெண் அப்படித் தெளிவாக உயரவில்லை. பிள்ளை நான்காம் வகுப்புக் கணக்கிலிருந்து ஐந்துக்கு முன்னேறியிருப்பான். பள்ளியோ ஏழாம் வகுப்புக் கணக்கைக் கேட்கும். ராங்க் கார்டில் தெரியாததால் ஒன்றும் நடக்கவில்லை என்று நாம் முடிவு செய்துவிடக் கூடாது.

இதையெல்லாம் படித்து நான் தெரிந்துகொண்டது இதுதான். ‘இந்த ஆப் நல்லதா?’ என்ற கேள்விக்கு விடை கிடையாது. ‘இந்த ஆப்பை வைத்து, இந்த அறையில், இந்தப் பெரியவர்கள் நடத்தப்போகும் ஒன்றரை மணி நேரம் நல்லதா?’ என்று கேட்டால்தான் விடை உண்டு.

நம் கிளப் ஹவுஸில் நடந்த டெமோ

போன மாதம் கம்பெனியிலிருந்து ஒரு தம்பி வந்து டெமோ காட்டினார். நல்ல பையன், பொறுமையாகப் பேசினார். நான் நம் படிப்பறையிலிருந்து ஆறாம் வகுப்புப் படிக்கும் ஒரு பிள்ளையை உட்காரவைத்தேன். யார் என்று கேட்காதீர்கள். நம் வீட்டுப் பிள்ளையா, ஊழியர் வீட்டுப் பிள்ளையா என்றும் சொல்ல மாட்டேன். நான் சொல்லப்போகும் தவறு இரண்டு பக்கமும் இருக்கிறது.

திரை, எந்த வகுப்பு என்று கேட்டது. ஆறு என்று தொட்டான். பின்னம் வந்தது. நான்கு விடைகளில் ஒன்றைத் தொட்டான், தவறு. இன்னொன்று, தவறு. மூன்றாவது சரி. நட்சத்திரம் வெடித்தது, ‘அருமை!’ என்றது. பத்து நிமிடத்தில் ஏழு ‘அருமை’. பிறகு ஒரு தாளில் 52-லிருந்து 27-ஐக் கழிக்கச் சொன்னேன். 35 என்று எழுதினான். 63-லிருந்து 48? 25. 81-லிருந்து 36? 55.

பார்ப்பவர்கள் கவனக்குறைவு என்பார்கள். கவனக்குறைவு இப்படி ஒரே மாதிரி வராது. ஒவ்வொரு இடத்திலும் பெரியதிலிருந்து சின்னதைக் கழிக்கிறான். இரண்டிலிருந்து ஏழு போகாது, ஆகவே ஏழிலிருந்து இரண்டு. அது ஒரு விதி, தவறான விதி. அந்த விதி இருக்கும் வரை பின்னமும் வராது, இயற்கணிதமும் வராது.

“இந்த ஆப், இவனுக்கு ரெண்டாம் வகுப்புக் கழித்தல்தான் வேணும்னு கண்டுபிடிச்சு அங்கே கூட்டிட்டுப் போகுமா தம்பி?” என்று கேட்டேன். “அடுத்த அப்டேட்ல வருது மேடம்” என்றார்.

டெமோ முடிந்ததும் அவனிடம் ஐந்து பத்து ரூபாய் நோட்டும் இரண்டு ஒரு ரூபாய் நாணயமும் கொடுத்தேன். “இதுல எனக்கு 27 ரூபாய் குடு.” இரண்டு நோட்டைக் கொடுத்தான். நாணயத்தைப் பார்த்தான். “சில்லறை மாத்தணும் டீச்சர்” என்றான். மாற்றிக் கொடுத்தேன். 27 எண்ணிக் கொடுத்துவிட்டு, கையில் மிச்சம் இருந்த 25-ஐ எண்ணினான். தாளில் எழுதிய 35-ஐப் பார்த்தான். சிரித்துவிட்டு அவனே அடித்தான். ‘கடன் வாங்குதல்’ என்று நான்கு வருடமாகக் கேட்ட வார்த்தை அவனுக்கு அப்போதுதான் சில்லறை மாற்றுவது என்று புரிந்தது. ஒரே நாளில் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். மறுவாரம் மறுபடியும் 35 எழுதினான். மறுபடியும் சில்லறை மாற்றினோம்.

எந்த ஆப்பாக இருந்தாலும் கேட்க வேண்டிய கேள்விகள்

நீங்கள் வீட்டுக்காகத் தனியாக வாங்கினாலும் இவை பயன்படும். யுனெஸ்கோவின் 2023-ஆம் ஆண்டுக் கல்வி அறிக்கையில் ஒரு செய்தி இருக்கிறது. அமெரிக்காவின் 17 மாநிலங்களில் ஆசிரியர்களிடமும் பள்ளி நிர்வாகிகளிடமும் விசாரித்தபோது, மென்பொருளை ஏற்பதற்கு முன் முறையான ஆய்வுச் சான்றைக் கேட்டவர்கள் 11 விழுக்காடுதானாம். நாமாவது கேட்போம்.

ஒன்று: வேண்டுமென்றே தவறான விடை கொடுங்கள். 52-27-க்கு 35 என்று போடுங்கள். ‘மீண்டும் முயற்சி செய்’ என்று மட்டும் சொல்கிறதா? முழு விடையையும் காட்டிவிடுகிறதா? இல்லை, எதனால் தவறு என்று ஊகித்து அதற்கேற்ற அடுத்த கேள்வியைக் கேட்கிறதா?

இரண்டு: வகுப்பை வைத்துத் தொடங்குகிறதா, பிள்ளைக்குத் தெரிந்ததை வைத்துத் தொடங்குகிறதா? கீழ் வகுப்புக்குக் கூட்டிப்போனால், ‘இது இரண்டாம் வகுப்பு’ என்று பெரிய எழுத்தில் போட்டு மற்ற பிள்ளைகள் முன்னால் அவமானப்படுத்தாமல் இருக்கிறதா?

மூன்று: கேள்வியைப் படிக்காமல் பத்து நிமிடம் கண்டபடி தொட்டுக்கொண்டே போங்கள். எவ்வளவு தூரம் போக முடிகிறது? உங்களால் முடிந்தால் பிள்ளையால் அதைவிட வேகமாக முடியும்.

நான்கு: தமிழ் எப்படி இருக்கிறது? நம் 22 பேரில் பாதிப் பேர் தமிழ் வழியில் படிக்கிறார்கள். பாடப்புத்தகத்தில் பின்னத்தின் மேலே இருப்பது தொகுதி, கீழே இருப்பது பகுதி. டெமோவில் ‘பகுதியைக் கண்டுபிடி’ என்று கேட்ட அதே திரை, அடுத்து ‘இந்தப் பகுதியை முடித்துவிட்டாய்’ என்றது. பிள்ளை என்ன நினைக்கும்?

ஐந்து: பெரியவருக்கு வரும் ரிப்போர்ட்டில் என்ன இருக்கிறது? எத்தனை நிமிடம், எத்தனை நட்சத்திரம் என்பது எனக்கு வேண்டாம். பிள்ளை போட்ட தவறான விடைகளை அப்படியே காட்டுகிறதா? 35-ம் 25-ம் 55-ம் கண்ணில் பட்டால்தானே விதி தெரியும்?

பண விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். 2021 டிசம்பர் 23-ஆம் தேதி மத்தியக் கல்வி அமைச்சகமே பெற்றோருக்கு ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. சந்தாவுக்குத் தானாகப் பணம் எடுக்கும் வசதியைத் தவிர்க்கச் சொன்னது. நமக்குத் தெரியாமலே கடன் ஒப்பந்தமாக மாறிவிடும் சந்தாவில் கையெழுத்துப் போட வேண்டாம், விளம்பரத்தை அப்படியே நம்ப வேண்டாம் என்றது. இன்னொன்று, 2023-இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி 18 வயதுக்குட்பட்டவர்களின் தகவலுக்குப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும். நம் செக்யூரிட்டி அண்ணனின் பிள்ளைக்காகச் சங்கம் கையெழுத்துப் போடுவது சரியாகாது. அவரை உட்காரவைத்து, தமிழில் விளக்கி, அவரிடம் கேட்க வேண்டும்.

பென்சிலைப் பிடுங்காமல்

இதுவரை மென்பொருளைக் குற்றம் சொன்னேன். இப்போது நம்மைச் சொல்கிறேன். படிப்பறையில் இப்போது தினமும் நாங்கள் இரண்டு பேர் இருக்கிறோம். பிள்ளை தடுமாறினால் நான் என்ன செய்கிறேன் தெரியுமா? பென்சிலை வாங்கி நானே போட்டுவிடுகிறேன். 31 வருட அனுபவம் இருந்தும் இந்தக் கை அடங்குவதில்லை. 7.30 மணிக்குள் வீட்டுப்பாடம் முடிய வேண்டும் என்ற அவசரம். பிள்ளைக்கு விடை கிடைக்கிறது, கணக்குக் கிடைப்பதில்லை. விடையைக் காட்டிவிடும் ஆப்புக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்?

ஆகவே அந்த அறையில் உட்காரும் பெரியவர்களுக்கு மூன்றே பழக்கம் போதும். பென்சில் பிள்ளையின் கையிலேயே இருக்கட்டும். சரியான விடைக்கும் “எப்படி?” என்று கேளுங்கள், தவறாகப் போட்டால் மட்டும் கேட்டால், அந்தக் கேள்வியே ‘தவறு’ என்பதற்கு அடையாளமாகிவிடும். கேட்டுவிட்டு மனதுக்குள் பத்து எண்ணும் வரை வாயைத் திறக்காதீர்கள். இதற்குக் கணக்கில் பட்டம் தேவையில்லை. காய்கறிக் கணக்குப் போடத் தெரிந்த யாராலும் முடியும்.

நான் முன்வைக்கும் யோசனை

மூன்று வருடச் சந்தா இப்போது வேண்டாம் என்பது என் கருத்து. முதலில் எட்டு வாரம் சோதித்துப் பார்ப்போம். கான் அகாடமியும் ஜியோஜீப்ராவும் இலவசம். அதோடு, அந்தக் கம்பெனி எட்டு வாரத்துக்கு இலவசமாகக் கொடுக்கத் தயார் என்றால் அதையும் பார்ப்போம். வீடுகளில் சும்மா கிடக்கும் பழைய டேப்லெட் ஆறு போதும்.

22 பேரின் பெயரையும் குடவோலை மாதிரிச் சீட்டில் எழுதிக் குலுக்கி எடுப்போம். 11 பேர் முதல் எட்டு வாரம் மென்பொருளோடு, மற்ற 11 பேர் அது இல்லாமல். பிறகு மாற்றிக்கொள்ளலாம், யாருக்கும் நஷ்டம் இல்லை. குலுக்கல் எதற்கு என்றால், ஆர்வமுள்ள பிள்ளைகளே முதலில் ஓடிவந்து உட்கார்ந்துவிட்டால், பலன் ஆர்வத்தால் வந்ததா மென்பொருளால் வந்ததா என்று தெரியாது. மென்பொருளில் 40 நிமிடம், பெரியவரோடு 40 நிமிடம்.

தொடங்கும் முன் எல்லோருக்கும் 12 கணக்கு, தாளில், மென்பொருளுக்குச் சம்பந்தமில்லாமல். எட்டு வாரம் முடிந்ததும் அதே மாதிரி 12. முதல் குழு மென்பொருளை விட்டு ஒரு மாதம் ஆன பிறகு இன்னொரு 12, வடோதராவில் கரைந்தது போல இங்கேயும் கரைகிறதா என்று பார்க்க. 22 பிள்ளைகளை வைத்து உலகத்துக்கு எதையும் நிரூபிக்க முடியாது. ஆனால் மூன்று லட்சம் செலவழிக்கலாமா என்று நமக்குத் தெரிந்துவிடும்.

“பக்கத்து அபார்ட்மென்ட்ல எல்லாம் வாங்கிட்டாங்களே டீச்சர்?” என்று ஒருவர் லிஃப்டில் கேட்டார். வாங்கட்டும். எட்டு வாரம் கழித்து அவர்களுக்குச் சொல்ல நம்மிடம் ஒரு செய்தி இருக்கும்.

எனக்குப் பணத்தைவிட அவசரமாக வேண்டியது ஐந்து பேர். ஆளுக்கு வாரத்தில் ஒரே ஒரு மாலை, ஒன்றரை மணி நேரம். அப்படி ஐந்து பேர் வந்தால் தினமும் மூன்று பெரியவர்கள் அந்த அறையில் இருப்போம். பெயர் கொடுக்க விரும்புகிறவர்கள் சங்க அலுவலக நோட்டில் எழுதிவைக்கலாம். தாத்தா பாட்டிகளுக்கு முன்னுரிமை. உங்களுக்குத்தான் பத்து எண்ணும் பொறுமை இருக்கிறது.

அந்த நீளம் தாண்டுதல் விஷயத்தைப் பாதியில் விட்டுவிட்டேன். மறுபடி மைக்கைப் பிடித்து முடிவைத் திருத்தி அறிவித்தோம். 3.6 தாண்டியவளுக்கு முதல் பரிசு கிடைத்தது. எழுதியவள் அழுதாள். ஒரு மீட்டர் அளவுகோலை அவள் கையில் கொடுத்து, 45 சென்டிமீட்டர் எங்கே, 60 சென்டிமீட்டர் எங்கே என்று காட்டச் சொன்னேன். காட்டினாள். “இதை ஏன் மிஸ் யாரும் முன்னாடியே கேக்கல?” என்றாள். என்னிடம் பதில் இல்லை.

பொதுக்குழுவுக்கு வரும்போது, உங்கள் பிள்ளை அந்த இரண்டு ஜோடி எண்ணுக்கு என்ன சொன்னது என்பதையும், “எப்படி?” என்று கேட்டதற்கு என்ன சொன்னது என்பதையும் ஒரு சீட்டில் எழுதி எடுத்துவாருங்கள். பெயர் வேண்டாம், வகுப்பு மட்டும் போதும். அந்தச் சீட்டுகளைப் படித்துவிட்டு வாக்களிப்போம்.